தகட்டில் மூன்று பொட்டு

8.6.2018, வெள்ளி
மலை இறக்கத்தில் தேய்ந்துபோன பிரேக் பேடை மாற்றிக்கொண்டு வந்தாள் பேத்தி செவ்வந்தி. கல்வராயன் மலையில் நர்சு. எங்கள் தெருவில் பைக்கில் மலை ஏறுகிறவள் இவள் ஒருத்திதான். மெக்கானிக் தெய்வசிகாமணி சொன்னானாம், “நாப்பதுல போய் மெதுவா அழுத்தி பத்துக்குக் கொண்டா, வுட்டுடு. முழுசா நிறுத்தாத. இருபது, முப்பது வாட்டி பண்ணாத்தான் பேடும் அது புடிக்கிற தகடும் பழகும்.”

9.6, சனி
தியாகதுருகம் ரோட்டில் போவதும் வருவதும்தான். நான் பின்னால் உட்கார்ந்து எண்ணினேன். அஞ்சாவது படிப்போடு நின்றவள்தான், எண்ணுவதில் தப்ப மாட்டேன். முப்பது.
வயல்காட்டிலிருந்து பெரியநாயகி கத்தினாள். “இன்னா சாலம்மா, வண்டி சண்டி மாடா? போவுது, நிக்குது.”
அவள் பேத்திக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.

10.6, ஞாயிறு
செவ்வந்தி தூங்கும்போது வண்டிக்குப் பொட்டு வைத்தேன். குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்தால் இரும்பில் நிற்காது. நல்லெண்ணெயில் குழைத்தேன். விளக்குக்கு ஒன்று, டேங்குக்கு ஒன்று. முன்சக்கரத்தில் மழமழவென்றிருக்கும் பிரேக் தகட்டுக்கு மூன்று. புதுசு போட்டது அங்கேதானே.

11.6, திங்கள்
ஆறு மணிக்கே மலைக்குப் போய்விட்டாள்.

பத்து மணி. தெய்வசிகாமணி இந்தப் பக்கம் வந்தான். “பேடு பழகிடுச்சாங்க ஆயா?” பொட்டு வைத்து அனுப்பினேன் என்று பெருமையாய்ச் சொன்னேன்.
“எங்க வெச்சீங்க?”
சொன்னேன்.
“எண்ணெய் பட்டா புடிக்காது ஆயா. ஏறும்போது அவ்வளவா தெரியாது. எறங்கும்போதுதான்...”
ஐயோ, என் கையாலேயா? போன் போட்டோம். அவளுக்கு டவர் இல்லை.
ஆஸ்பத்திரிக்குப் போடலாம் என்றான். “பேடு சரியில்லன்னு நான் சொல்லிக்கிறேன். உங்க பேரு வேணாம்.”
ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். பேடு சரியில்லை என்றால் மெதுவாக ஓட்டிக்கினு வந்துடுவா. அவளை எனக்குத் தெரியாதா? போனை வாங்கினேன்.
எடுத்தது ஆண்டாள் நர்சு. செவ்வந்தி ஆஸ்பத்திரி ஜீப்பில் மலை ஊர்களுக்குப் போயிருக்கிறாளாம். “அவ ஆயா பிரேக்ல எண்ணெய் தடவிட்டான்னு சொல்லும்மா. வண்டியத் தொடவேணாம், பஸ்சுல வரச்சொல்லு.”
அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். சொல்வாளா?

நாலு மணி. வரவில்லை.

ஐந்தரை. பஸ் ஒன்று போனது. அதிலும் இல்லை.

ஏழு மணி. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு பஸ்சிலிருந்து இறங்கினாள். திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். “காலையிலயே ஒரு வளைவுல பிரேக் வழுக்குச்சு ஆயா. பேடு இன்னும் பழகலன்னு நெனச்சிக்கினேன். சாயங்காலம் மெதுவா எறங்கிடலாம்னு இருந்தேன்.”

12.6, செவ்வாய்
குங்குமம் குழைத்த கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

16.6, சனி
எண்ணெய் குடித்த பேடு உதவாதாம். தெய்வசிகாமணி மலைக்கே போய்த் தகட்டைக் கழுவி, வேறு பேடு போட்டு ஓட்டி வந்தான். மறுபடியும் தியாகதுருகம் ரோடு.
“இன்னாடி, மறுபடி மொதல்லேர்ந்தா?” என்றாள் பெரியநாயகி.
“ஆமாண்டி. நான் எண்ணெய் வெச்சுக் கெடுத்துட்டேன்” என்றேன்.
செவ்வந்தி பிரேக்கை மெல்ல அழுத்தினாள். அவள் முதுகில் சாய்ந்தேன்.
பதினேழு.