பொருத்தம் வந்ததும் மணி அடிக்கும்

9.6.2014, திங்கள்

காலையிலேயே அனல். கம்ப்யூட்டர் அறை ஜன்னலுக்கு ஈரத் துண்டு.

எட்டாம் வகுப்பில் ஒருத்தி எப்போதோ கேட்டது இன்று நினைவில். "டீச்சர், பேப்பர் திருத்திட்டீங்களான்னு நாங்க தெனம் வந்து கேக்கணுமா, இல்ல நீங்களே கூப்ட்டுச் சொல்வீங்களா?" அன்று சிரித்துவிட்டேன். நல்ல கேள்வி.

ரிடையர் ஆகி, திருமணத் தகவல் மையம் தொடங்கியதிலிருந்து நானும் அவள் கதைதான். ஜோடியின் பிறந்த விவரத்தை ஜோதிடத் தளத்துக்கு அனுப்புவது, முடிவு வந்ததா என்று ஓயாமல் திறந்து பார்ப்பது. பெங்களூரிலிருந்து மகள் உமா இன்று வழி செய்தாள். வெப்ஹூக்காம். நம் முகவரியைக் கொடுத்துச் சந்தா போட்டால், முடிவு தயாரானதும் தளமே செய்தி அனுப்பும். எனக்குப் புரிந்த விதம்: சத்துணவுக் கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பிச் சாதம் வெந்ததா என்று கேட்பது பழைய முறை. வெந்ததும் ஆயாவே மணி அடிப்பது புது முறை. கேட்டது என்று நாம் தலையாட்ட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப அடிப்பார்.

எந்தெந்தச் செய்தி வேண்டும் என்று தளம் கேட்டது. ஆசையில் எல்லாவற்றிலும் டிக். மாலைக்குள் பதிவு செய்த அத்தனை பேரின் தினபலனும் வந்து குவிந்தது. மற்ற டிக்கையெல்லாம் எடுத்துவிட்டேன். பொருத்தம் மட்டும் போதும்.

செய்தி வந்த நொடியே இரு வீட்டுக்கும் எஸ்.எம்.எஸ். போகும். "நீ ஒரு தடவ பாத்துட்டு அனுப்பும்மா" என்றாள் உமா. வேண்டாம் என்றேன். நடுவில் கை வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்தேன் என்று பேச்சு வரும்.

10.6, செவ்வாய்

முதல் ஜோடி: பேச்சியம்மாள், சேகர். ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன். பேச்சி கோவில்பட்டிப் பக்கம், இங்கே ஹாஸ்டல். சேகர் மண்ணூர். காதல்தான். ஆனால் சேகரின் அப்பா எல்லப்பன், கம்பெனி பஸ் டிரைவர், "ஜாதகம் சேந்தா மேளம், இல்லன்னா இத்தோட வுட்டுடணும்" என்று சொல்ல, பையனும் தலையாட்டியிருக்கிறான்.

பேச்சியின் அம்மாவிடம் ஃபோனில் கேட்டேன். "ஞாயித்துக்கெழம ராத்திரி ரெண்டு மணிக்குப் பெறந்தா." அந்த ஞாயிறின் தேதி, ராத்திரி இரண்டு. அனுப்பியாயிற்று.

மணி தானே அடிக்கும். தெரிந்தும் உட்கார முடியவில்லை. பருப்பு அடிப்பிடித்தது.

மாலை வந்தது. பேச்சி ரோகிணி, சேகர் திருவோணம். ரஜ்ஜு இல்லை. தாலி தங்காது என்று பயப்படுவார்களே, அது. நான் கண்ணாடியை மாட்டுவதற்குள் இரண்டு வீட்டுக்கும் போய்விட்டது.

11.6, புதன்

ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு பேச்சி வந்தாள். அழவில்லை. "அவுக பேச மாட்டேங்காக டீச்சர். எதுத்தாப்ல நின்னுக்கிட்டு கையில இருக்க நட்டு போல்ட்டையே பாக்காக."

மோர் கொடுத்தேன். ஏதேதோ பேச்சு. நடுவில் அவள்: "எம் பெறப்பே அப்பிடித்தான். அப்பா திங்கச் சந்தைக்கு வண்டி பூட்டிட்டாகளாம். எஞ் சத்தம் கேட்டு மாட்ட அவுத்துட்டாகளாம்."

திங்கள் சந்தை. நம் பேச்சில் விடியும்வரை முந்தைய கிழமை. கம்ப்யூட்டருக்கு நள்ளிரவோடு மாறிவிடும். நான் கொடுத்தது முழுதாக ஒரு நாள் முந்தி. நட்சத்திரமே வேறு.

உடனே திருத்தி அனுப்பக் கை போனது. நேற்று இல்லை, இன்று உண்டு என்றால் யார் நம்புவார்? மறுபடியும் இல்லை என்றால்? உமாவிடம் சொல்லி, தானாக எஸ்.எம்.எஸ். போவதை நிறுத்தினேன்.

12.6, வியாழன்

மண்ணூர். வெயில் ஏறுமுன். எல்லப்பன் பஸ் கழுவிக்கொண்டிருந்தார். தேதி தப்பு, என் மேல்தான் பிசகு என்றேன்.

"நல்லா கீதே. புடிக்கலன்னா தேதிய மாத்திக்கலாமா? என் ரிடையர்மெண்ட் தேதியையும் கொஞ்சம் தள்ளி வைங்க டீச்சர்."

பஸ்ஸைப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமை நைட் ஷிஃப்டுக்கு ஆள ஏத்திட்டுப் போறீங்க. அவன் ராத்திரி ரெண்டு மணிக்கு லைன்ல நிக்கிறான். அது எந்தக் கிழமை வேலை?"

"ஞாயித்துக்கெழமதான். ஞாயித்துக் கணக்குலதான் டபுள் சம்பளமே."

"அப்போ அவன் செல்லுல என்ன கிழமை காட்டும்?"

துணியைப் பிழிந்தார். "திங்கக்கெழம."

"பேச்சியோட அம்மா சொன்னது ஷிஃப்ட் கணக்கு. கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது செல் கணக்கு."

வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தார். "மறுபடி இல்லன்னு வந்தா?"

"அதையும் நானே வந்து சொல்றேன்."

"நீங்க வர வாணாம். நானே வந்து குந்திக்கினு பாக்குறேன்."

13.6, வெள்ளி

மேகம் மட்டும், மழை இல்லை. எல்லப்பன் வந்துவிட்டார். ராகு காலம் போகட்டும் என்றார். காத்திருந்து, திங்கள் தேதி போட்டு அனுப்பினேன். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார்.

ஃபேன் சத்தம். இரண்டு காபி.

"இன்னும் வர்ல. தட்டிப் பாருங்களேன்."

"தட்ட வேண்டாம். அதுவே வரும்." சொல்லும்போது என் கை மவுஸ் மேல்.

வந்தது. பேச்சி மிருகசீரிடம். ரஜ்ஜு உண்டு. பொருத்தம் உண்டு. எல்லப்பன் விரல் வைத்துப் படித்தார், மறுபடியும் முதலிலிருந்து. பிறகு செல்லை எடுத்தார்.

"டேய் சேகரு, சாப்பாட்டு பிரேக்கா? அந்தப் பொண்ணு எங்க கீது? மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்காத. போய்ப் பேசு."

இரு வீட்டுக்கும் நானே எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். எல்லப்பன் போன பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

யார் இதைப் படித்தாலும், உங்கள் வீட்டில் ராத்திரியில் பிறந்தவர் யாராவது இருந்தால், அவருடைய அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: அடுத்து விடிந்தபோது என்ன கிழமை?