மீன் பார்க்காத சட்டி

இன்று காலை காராமணி விழுதை வாழை இலையில் வேகவைத்து, துண்டு போட்டுப் புளிக்குழம்பில் இறக்கினேன். பூண்டும் வெந்தயமும் கொதித்து எழும்பிய வாசனையில் நீ பின்னால் நிற்கிறாய் என்றே நினைத்துவிட்டேன். "உப்பு கம்மிக்கா" என்பாயே, அதற்காகத் திரும்பிக்கூடப் பார்த்தேன். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பாழும் மனது இன்னும் பழகவில்லை.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். செங்கம் சாலையில் மெஸ் போட்டபோது சமையல் உன் கை, பரிமாறுவது நான். நீ கடலூர்ப் பக்கத்துப் பெண். உன் மீன் குழம்புக்காகவே கீழ்பென்னாத்தூர் வேன் டிரைவர்கள் இங்கே வண்டியை நிறுத்துவார்கள். அந்த மீன் குழம்பையே நிறுத்தப்போகிறேன் என்று தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் நீ சொன்னபோது, உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அரிவாள்மணையில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாய். "பாருக்கா, பாதி மீனு விரல் நீளம். மீதிக்கு வயித்துல சினை. கடல்ல பெரிய போட்டுக்காரங்க அடிமண்ணோட வாரிட்டுப் போறாங்களாம். இப்படியே போனா வலைய மடிச்சு வெச்சுட வேண்டியதுதான்னு எங்கண்ணனே சொல்றாரு."

"நம்ம ஒரு மெஸ் நிறுத்தினா கடல் ரொம்பிடுமாடி?"

"ரொம்பாது. ஆனா இந்தக் கையால இனிமே சினை மீன் அறுக்க மாட்டேன்."

மீன் இல்லாத மெஸ்ஸுக்கு எவன் வருவான் என்று என் வீட்டுக்காரர் கத்தினார். நீ மீனுக்குப் பதிலாகக் காராமணியை ஊறப்போட்டாய்.

காராமணி என்று சொல்லித்தான் பரிமாறினேன். அப்படியும் டிரைவர்கள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். நாம் ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு நானே ஒரு காரியம் செய்தேன். மீன்தான் இல்லையே என்று, கிரிவலம் முடித்து வந்த ஒருவருக்கும் அதே குழம்பை ஊற்றினேன். அவர் ஒரு வாய் வைத்ததும் எழுந்துவிட்டார். "ஏம்மா, விரதக்காரனுக்கு மீன் கொழம்பு ஊத்துறீங்களா?"

காராமணிதான் என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். நீ வந்து சட்டியை முகர்ந்து பார்த்தாய். வருஷக்கணக்காக மீன் கொதித்த மண்சட்டி. அதில் ஊறிக் கிடந்த வாசனைதான் குழம்பில் இறங்கியிருக்கிறது. "அவர் சொல்றது சரிக்கா. தப்பு எங்களுதுங்க, மன்னிச்சுக்குங்க" என்று அவரைக் கும்பிட்டுவிட்டு, சட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப் போய் உடைத்தாய்.

"ருசியே அந்தச் சட்டியிலதாண்டி இருந்துச்சு" என்று நான் அழுதேவிட்டேன்.

"அப்ப இத்தினி நாளும் மீன் சட்டியத்தான் வித்திருக்கோம். புதுசுல வரவைக்கிறேன் பாரு."

வரவில்லை. இரண்டு மாதம் பாதிப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. நீ வெந்தயத்தைக் கூடுதலாக வறுத்தாய், மாங்காய் போட்டாய், நல்லெண்ணெயை மாற்றினாய். சரியில்லாத குழம்பை நாம்தான் மூன்று வேளையும் தின்றோம். உன்னைத் திட்டிக்கொண்டேதான் தின்றேன். கடைசியில் ஒரு டிரைவர் தட்டை நீட்டினார். "மீன் இல்லனு நல்லாவே தெரியுது. இருந்தாலும் இன்னொரு கரண்டி ஊத்துங்க." நீ அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். அதைப் பார்த்துக்கொண்டே நான் அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

நேற்று மீன்காரர் ஐஸ் பெட்டியோடு வாசலில் வண்டியை நிறுத்தினார். "அந்தம்மாதான் போயிட்டாங்களே, இனிமே வாங்கலாம் இல்ல?" என் வீட்டுக்காரரும் உள்ளேயிருந்து என் முகத்தைப் பார்த்தார். பெட்டியில் எட்டிப் பார்த்தேன். எல்லாம் விரல் நீளம்.

"எங்களுக்கு வேணாம், எடுத்துட்டுப் போப்பா" என்றேன்.

நான் கரண்டி பிடிக்கிறவரை இந்த அடுப்பில் மீன் சட்டி ஏறாதடி. உப்பை மட்டும் இனி நானே பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.