ஏழாம் ஆணியின் அளவு

பாசமுள்ள பாப்புவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது, டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார். மாடியில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் என்பதால் கடையில் சீருடைத் துணி மேஜைக்கு மேலே குவிந்து கிடக்கிறது, பழைய மெஷினுக்கு மோட்டார் மாற்றினேன், இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடிய சேதிதானே, அப்பா ஏன் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார் என்று நீ நினைப்பாய். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறேன். இனியும் சுற்றி வளைத்தால் இதையும் கிழித்துவிடுவேன், அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். பாறை வெடிப்பின் அளவு என்று கடைசி இரண்டரை வருஷமாக நான் உனக்கு அனுப்பியதெல்லாம் பொய். நான் மேலே ஏறவும் இல்லை, அளக்கவும் இல்லை. கடை மேஜையில் உட்கார்ந்துகொண்டு கைக்கு வந்ததை எழுதினேன்.

எழுதிவிட்டேன். இப்போது மற்றதையும் சொல்கிறேன், கடைசிவரை படித்துவிடு. நான்கு வருஷத்துக்கு முன்னால் நீ லீவில் வந்து ஆராய்ச்சிக்காக ஊருக்கு மேலே நிற்கிற பாறைச் சுவரிலேயே மூன்று மாதம் கிடந்தாயே, அப்போது உச்சி விளிம்பை ஒட்டி ஓடுகிற வெடிப்பின் இரண்டு பக்கமும் பத்து ஜோடி பித்தளை ஆணி அடித்தோம். தெற்கே ஒன்றில் ஆரம்பித்து வடக்கே பத்து வரைக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறிப்போய், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும் என்றாய். உன்னோடு வந்த அந்த வெள்ளை முடிப் பேராசிரியரிடம், 'எங்க அப்பா டெய்லர் சார், அரை நூல் தப்பினாக்கூட பிரிச்சுத் தைப்பாரு, அவர் அளவுல எனக்குக் கவலையே இல்ல' என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. முதல் ஒன்றரை வருஷம் மழையானாலும் வெயிலானாலும் போனேன். அந்த அளவெல்லாம் உண்மை, அம்மா மேல் ஆணை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, மழை விட்ட மறுநாள், ஏழாம் ஆணிக்குக் குனிந்தபோது கால் வழுக்கிவிட்டது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தேன், சட்டை கிழிந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு கால் விளிம்புக்கு வெளியே காற்றில் இருந்தது. கீழே ஊர் மொத்தமும் தெரிந்தது, நம் கடைப் பலகைகூடத் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது, பிறகு தவழ்ந்து தவழ்ந்து பின்னால் வந்தேன். அன்றிலிருந்து அந்த விளிம்பு வரை என்னால் போக முடியவில்லை. அதை உன்னிடம் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? 'வேணாம்ப்பா, விட்டுடுங்க' என்றுதான் நீ சொல்லியிருப்பாய். என் மகள் கயிற்றில் தொங்கிக்கொண்டு அந்தப் பாறையின் முகத்தில் செடி எண்ணினாள், நான் மேலே நின்று குனியப் பயப்படுகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். அந்தத் தடவை முந்தின அளவையே கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதி அனுப்பினேன், அடுத்த தடவை தைரியம் வந்துவிடும் என்று நினைத்தேன். நீ 'நன்றிப்பா' என்று பதில் போட்டாய். அடுத்த தடவையும் அதற்கு அடுத்த தடவையும் அப்படியே போயிற்று. ஞாயிறு காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன், அம்மா டிபன் கட்டிக் கொடுப்பாள், நான் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. பாறைப் பொந்துகளில் இருக்கிற உழவாரக் குருவிக் கூடுகளை வருஷத்துக்கு ஒருமுறை எண்ணும் வேலையையும் நீ கொடுத்திருந்தாய், அது கீழே நின்று பைனாகுலரில் பார்ப்பதுதானே, அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். வடக்குப் பக்கம் முதல் வருஷம் நூற்றுப் பதினெட்டு, அடுத்த வருஷம் நூற்றுப் பன்னிரண்டு, மூன்றாவது வருஷம் எழுபத்தொன்பது. நீ பதறிப்போய்க் கூப்பிட்டாய், நினைவிருக்கிறதா? பாறை அசையவே இல்லை, அப்படியிருக்கக் குருவி ஏன் காலி செய்துகொண்டு போகிறது, பூச்சி குறைந்ததா, வெயில் கூடியதா என்று ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டாய். கடைசியில் தயங்கித் தயங்கி, 'அப்பா, கூடு எண்ணும்போது எதையாவது விட்டுட்டீங்களா?' என்று கேட்டாய். நான் உன் மேல் பாய்ந்தேன். 'என்னையே சந்தேகப்படுறியா? இத்தனை வருஷம் அளவெடுத்த கை இது' என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். மறுநாள் நீ அழாத குறையாக என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன், பாப்பு. பெரிய மனது பண்ணுகிறவன் மாதிரி 'சரி விடு' என்று சொன்னேன். குருவிகளுக்குப் பாறை நகர்வது தெரிந்துவிட்டது, பொந்து வாய் விரிந்ததும் போய்விட்டன. நான் எண்ணியது சரி, அதை நீ சந்தேகப்பட்டாய். நான் இட்டுக்கட்டியதை நம்பினாய். உன் கட்டுரையில் எனக்கு நன்றி சொன்ன பக்கத்தை அம்மா கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினாள். பேன்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள், நான் டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்துகொள்வேன்.

போன மாதக் கடைசியில் நகராட்சியின் பெண் பொறியாளர் நம் கடைக்கு வந்தார். துணி தைக்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஸ்டூலைப் போட்டேன். கையில் உன் கட்டுரை இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் காகிதம் ஒட்டி வைத்திருந்தார். 'புது பஸ் ஸ்டாண்டுக்கு இடம் தேடி ரெண்டு வருஷம் அலைஞ்சோம் சார், வடக்குப் பக்கம் பாறை அசையலன்னு உங்க பொண்ணு எழுதினதைப் பார்த்துத்தான் அந்த அடிவாரத்தையே எடுத்தோம், தூண் போட ஆரம்பிச்சாச்சு, உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்' என்றார். அவர் விரித்துக் காட்டிய பக்கத்து வரைபடத்தில் ஏழு, எட்டு, ஒன்பதாம் ஜோடி மூன்றும் மட்டமான கோடாக ஓடின. நான் கடையில் உட்கார்ந்து போட்ட கோடு அது. அவர் போன பிறகு ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன். தினமும் ஆயிரம் பேர் குழந்தை குட்டியோடு நிற்கப் போகிற இடம்.

மூன்றாம் நாள் காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பதை நிறுத்தவில்லை, கடைசித் துண்டை மடித்து வைத்துவிட்டு, 'செருப்பைப் போடுங்க' என்றாள். இரண்டு பேரும் ஏறினோம். என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை உள்ளே தள்ளி நிற்கிற மரத்தில் சுற்றி, அவள் கையில் பிடித்துக்கொண்டாள். முதல் ஆறு ஜோடியில் பெரிய வித்தியாசமில்லை. ஏழுக்கு வந்தேன். இந்தப் பக்கத்து ஆணி இருந்தது. அந்தப் பக்கத்து ஆணி இல்லை, அதை அடித்திருந்த கல்லும் இல்லை, ஒரு அறை அகலத்துக்கு விளிம்பே இல்லை. அதற்கு முந்தின ஞாயிறுகூட ஏழுக்கு நேரே முப்பத்தெட்டுப் புள்ளி ஒன்பது மில்லிமீட்டர் என்று உனக்கு எழுதியிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். 'ஏங்க, இல்லாத கல்லுக்கா இத்தனை நாள் அளவு எழுதினீங்க?' என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன், நிஜமாகவே புரியாமல் கேட்டாள். எட்டாம் ஜோடி நான் எழுதியதைவிடப் பதினாறு மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது, ஒன்பதாம் ஜோடி இருபத்தொரு மில்லிமீட்டர்.

இறங்கி அடிவாரத்து முள்ளுக்குள் போய்ப் பார்த்தோம். விழுந்த கல் அங்கே கிடக்கிறது, அந்த முள்ளுக்குள் யாரும் நுழைவதில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அதோடு உன் குள்ளத்தாத்தாவும் கிடந்தார். மணிக்கட்டு தடிமன்தான், ஆனால் வயது இருநூறுக்கு மேல், ஆடும் கோடாலியும் நெருப்பும் எட்டாத இடம் என்பதால்தான் இத்தனை வருஷம் பிழைத்தார் என்று நீ சொல்லி, கயிற்றில் இறங்கும்போதெல்லாம் வணக்கம் வைப்பாயே, அந்த மரம். வேர் மேலே பார்க்கக் காய்ந்து கிடந்தது. காய்ந்ததைப் பார்த்தால் ஒரு வருஷத்துக்குக் குறையாது. நான் ஒரே ஒரு ஞாயிறு போயிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். அம்மா அடிமரத்தில் ஒரு துண்டைத் துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறாள், உன் வேலைக்கு ஆகுமோ என்னவோ.

அங்கிருந்து நேராக நகராட்சி அலுவலகம் போனேன், முழங்காலில் மண்ணோடு. பொறியாளர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே கேட்டார், கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, 'இதை அப்படியே எழுதிக் கொடுங்க' என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே வேலையை நிறுத்தினார்கள். 'பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?' என்று கேட்டார். இல்லை என்றேன். 'என் அறிக்கை இந்த மாசக் கடைசியில மேல போகும், அதுல அவங்க பேர் வரும் சார். அதுக்கு முன்னாடி உங்க வாயால அவங்களுக்குத் தெரியணும்' என்றார். வெளியூரிலிருந்து ஒரு நிலவியல்காரரை வரவழைத்துக் காட்டினார்கள். வடக்குப் பக்கம் ஒரே மழையில் விழவும் விழலாம், இருபது வருஷம் நிற்கவும் நிற்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். போட்ட ஆறு தூணும் அப்படியே நிற்கின்றன, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு மறுபடி இடம் தேடுகிறார்கள், ஜனங்கள் இன்னும் வெயிலில்தான் நிற்கிறார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. நேற்று ஒருவர் பேன்டுத் துணியைக் கொடுத்துவிட்டு, 'மாஸ்டர், டேப்பு வச்சு எடுப்பீங்களா, இல்ல நினைப்பிலேயே எழுதிக்குவீங்களா?' என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. கண்ணாடி போட்ட பக்கத்தை நானே கழற்றி உள்ளே வைத்துவிட்டேன், சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

இனி உனக்கு வேண்டியதைச் சொல்கிறேன், பிசகில்லாமல் குறித்துக்கொள். நான் அளவு குறித்து வைத்த இரண்டு நோட்டில் நீல நோட்டு முழுக்க உண்மை. பச்சை நோட்டில் பதினோராம் பக்கம் வரை உண்மை, பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து ஒரு எண்ணையும் நம்பாதே. குருவிக் கூட்டுக் கணக்கு எல்லா வருஷமும் உண்மை, அதை மட்டும் திருப்பிச் சேர்த்துக்கொள், உன் மூளையில் தப்பில்லை. இரண்டு நோட்டையும் அன்று எடுத்த அளவையும் இதோடு கூரியரில் அனுப்புகிறேன். அளக்கும் வேலைக்கு நகராட்சியிலிருந்து இரண்டு பேரைப் போட்டுவிட்டார்கள், நான் கேட்டும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அது நியாயம்தான். இந்தக் கடிதத்தை உன் பேராசிரியரிடம் காட்டு, அவருக்குத் தமிழ் படிக்க வராதென்றால் நீ படித்துச் சொல்லு. பொய் சொன்னது டெய்லர், அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்று அவர் என் கையெழுத்திலேயே பார்க்கட்டும். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருந்தால் அப்பா மனசு நோகுமே என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காதே. உன் வேலைக்கு இதனால் ஏதாவது ஆகுமோ என்பதுதான் அம்மாவின் கவலையெல்லாம்.

போன இரண்டு வாரமும் நீ கூப்பிட்டபோது, நான் குளிக்கிறேன் என்று அம்மாவைச் சொல்லவைத்தேன். இரண்டு தடவையும் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். இனி அந்தப் போனை நான்தான் எடுப்பேன். உடனே கூப்பிட வேண்டும் என்றில்லை, ஆறிய பிறகு கூப்பிடு, ஆறாமல் கூப்பிட்டாலும் சரி. எடுத்ததும் 'பரவாயில்லப்பா' என்று மட்டும் சொல்லிவிடாதே, திட்டுவதைத் திட்டிவிட்டு மற்றதைப் பேசு. பாறையில் இறங்கும் நாளில் வெறும் வயிற்றோடு இறங்காதே, கயிற்றை இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் காலை வைக்காதே. கண் டாக்டரிடம் போக வேண்டும் என்றாயே, அதைத் தள்ளிப் போடாதே. எந்த ஊரில் எந்தப் பாறையில் நின்றாலும் உன் கால் வழுக்காமல் இருக்கட்டும், நீ எழுதுகிற எழுத்து நிற்கட்டும், எங்கள் இருவர் ஆயுளும் சேர்த்து உனக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு,
உன் அப்பா

அம்மா இதைப் படித்துவிட்டாள். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி, அவளே உறையை ஒட்டுகிறாள்.