சத்தம் போடாத சர்வர்

புதன் இரவு, இரும்புலியூர்.

இன்று மேனேஜர் முரளி சாரோடு ஒரு சின்னச் சண்டை. ஆபீஸ் சர்வர்களின் வேலைப்பளுவைக் கண்காணிக்கும் மென்பொருளை ஒரு வாரமாக நான்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் சர்வர் லேசாகத் தும்மினால்கூட டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் அலர்ட் வந்து குவியும். தொல்லை தாங்காமல் டீமில் எல்லோரும் அந்த குரூப்பை மியூட் செய்து வைத்திருந்தார்கள். உண்மையிலேயே திணறினால் மட்டும் கூப்பிடும்படி மாற்றினேன். இன்று காலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் சார் என் சீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன ஸ்டெல்லா, ஒண்ணுமே வரலை? டூல் செத்துப்போச்சா?"

"சத்தம் இல்லைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் சார்."

"அதை நான் எப்படிம்மா நம்புறது? தினமும் ராத்திரி ஒன்பதுக்கு 'எல்லாம் ஓகே'ன்னு ஒரு மெசேஜ் வர்ற மாதிரி வைம்மா."

இவ்வளவு குறைத்தும் மறுபடி ஒன்றா என்று முணுமுணுத்தபடியே வைத்தேன். ஒன்பதுக்குச் சரியாக வந்தது. சர்வர்கள் நலம்.

காட்டாங்குளத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் என் மகள் ஷீபா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேசவில்லை. கேட்டால், "போன் பண்ணலைன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம்மா" என்பாள். போன வாரம் அதற்காகத்தான் அவளைத் திட்டித் தீர்த்தேன்.

"சாப்டியா?" என்று மெசேஜ் போட்டேன். உயர்த்திய கட்டைவிரல் ஒன்று உடனே வந்தது. எனக்கு அது போதும்.

சார் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லப்போவதில்லை.