ஐரீன் வீட்டு மஞ்சள் கொடி

10-9-68, செவ்வாய்

நான் அப்பவே சொன்னேன். ஒருத்தனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் கிழக்கேயிருந்து வந்த கப்பலில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். மேல்தட்டில் ஒரு மாலுமி தும்மினான். ஒரே தும்மல். அந்தச் சத்தத்தை வைத்தே சொன்னேன்: "இது சாதா தும்மல் இல்லடா, ராயபுரத்தையே படுக்கப் போடும் பாரு." மேஸ்திரி ஸ்டானிஸ்லாஸ் சிரித்தான். இன்றைக்கு அவனே கம்பளிக்குள். ஹாங்காங் ஜுரம் என்று பேப்பரில் பேர் போட்டிருக்கிறார்களாம், உலகம் பூராவும் பரவுகிறதாம். பேர் வைக்கிறதுக்கு முன்னாலேயே கண்டுபிடித்தவன் இந்தச் சிலுவைமுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவன்!

பாதி ஆட்கள் வேலைக்கு வரவில்லை. மூன்று பேர் வேலையை ஒருத்தனாகப் பார்த்தேன். நாலு பேர் என்றாலும் தப்பில்லை.

சாயங்காலம் சேதி வந்தது, ஐரீனுக்கும் காய்ச்சல். இறந்துபோன என் அக்காள் பெற்ற ஒரே பெண். புருஷன் ஜார்ஜ் கப்பலில் சமையல்காரன், எந்தக் கடலில் இருக்கிறானோ. ராயபுரத்து ஒண்டுக்குடித்தனத்தில் ஒற்றை அறையில் தனியாகப் படுத்திருக்கிறாள். என் வீட்டுக்காரி எல்சி கஞ்சி கொடுத்தனுப்பினாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

12-9-68, வியாழன்

ஐரீன் அறைக்கு வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் மனோகரன் வந்தார். யானைக்கவுனியில் வெங்காய மண்டி வைத்திருக்கிறவர். மூக்கில் கைக்குட்டையை அமுக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். குரலில் ஒரே சர்க்கரை.

"காச்சல் சரியாவுற வரைக்கும் உன் மாமன் வூட்ல போயி இரும்மா. நான் மருந்து அடிச்சி, சுண்ணாம்பு பூசி வெக்கிறேன். சனிக்கெழம ஆளு வரும்."

அவர் போனதும் பக்கத்து அறை பச்சையம்மா, மீன் கூடையை இறக்காமலே என்னிடம் சொன்னாள்: "நைனா, இந்தாளு பேச்ச நம்பாத. பிரசவத்துக்குப் போன கெங்கம்மாவ மறந்துட்டியா? கொயந்தயத் தூக்கிகினு திரும்பி வந்தா, அவ ரூமுல வெங்காய மூட்ட, கதவுல பூட்டு. இன்னிக்கும் அங்க வெங்காயந்தான் குடித்தனம் கீது."

ஆக விஷயம் இதுதான். ஐரீன் ஒரு தடவை படி இறங்கினால் இந்த அறை அவளுக்கு இல்லை. ஜார்ஜ் திரும்பி வந்து நிற்க இடம் இருக்காது.

நான் சும்மா இருப்பேனா? "ஐரீன் நகர மாட்டா!" என்று ஒரு சத்தம் போட்டேன் பாருங்கள், ஓட்டின் மேலிருந்த காகமெல்லாம் பறந்து போயிற்று. அந்த நிமிஷமே என் மூளையில் யோசனை உதித்தது. நோய் உள்ள கப்பல் என்ன செய்யும்? மஞ்சள் கொடி ஏற்றும். துறைமுக டாக்டர் வந்து பார்க்கிற வரை ஒருத்தரும் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. உலகச் சட்டம். கப்பலுக்கு உண்டென்றால் வீட்டுக்கு ஏன் இல்லை?

13-9-68, வெள்ளி

கொடி ஏறிவிட்டது! பச்சையம்மா ஆத்தாளுக்கென்று எடுத்து வைத்த புது மஞ்சள் புடவை. "கியிச்சிடாத நைனா, ஆடிக்குச் சாத்தணும்னு வாங்கனது, மீன்பாடு இல்லாம நின்னு பூடுச்சி. அடுத்த ஆடிக்கு வோணும்." பழைய துடுப்பு ஒன்றில் கட்டி ஓட்டுக்கு மேலே நிறுத்தினேன். கடல் காற்றில் என்னமாய் அடிக்கிறது! ஹார்பரிலிருந்தே தெரியும் என்று நினைக்கிறேன். எண்ணூரிலிருந்தும் தெரியலாம்.

14-9-68, சனி

இந்த நாளை மறக்கவே கூடாது.

கைவண்டியில் வெங்காய மூட்டை, பின்னால் மனோகரன். சுண்ணாம்பைக் காணோம், மருந்தையும் காணோம்! கொடியைப் பார்த்ததும் வண்டிக்காரன் நின்றுவிட்டான்.

"இன்னாய்யா இது?" என்றார்.

"கோரன்டைன்," என்றேன். "டாக்டர் கையெழுத்து இல்லாம உள்ள கால் வெச்சா நாப்பது நாள் உள்ளயேதான். எழுபத்தேழாம் செக்சன்."

"அப்போ நீ மட்டும் எப்பிடி உள்ளயும் வெளியவும் போய்கினு வந்துகினு கீற?"

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "நான் பைலட்டு. கப்பலுக்கு வழி காட்டுற பைலட்டு மட்டும் ஏறி இறங்கலாம்."

வண்டிக்காரன் ஏற்கெனவே வண்டியைத் திருப்பிவிட்டான். "மொதலாளி, எனுக்குப் புள்ளகுட்டி கீது!" வெங்காயம் யானைக்கவுனிக்கே திரும்பிப் போனது. உள்ளே ஐரீன் இருமிக்கொண்டே சிரித்தாள்.

15-9-68, ஞாயிறு

பூசைக்குப் போகும்போது எண்ணிப் பார்க்க முடியவில்லை. தெரு முழுக்க மஞ்சள்! துண்டு, பாவாடை, தலையணை உறை. வாடகைக்கு இருக்கிற ஒரு வீடு பாக்கியில்லை. கோவிலில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நானும் ஏதோ பிஷப் மாதிரி அசைத்தேன்.

16-9-68, திங்கள்

சே. இப்படி ஆகும் என்று தோன்றவே இல்லையே.

பால்காரன் தெருமுனையோடு திரும்பிவிட்டான். பச்சையம்மா கூடை நிறைய சங்கராவைத் திருப்பிக்கொண்டு வந்தாள். "மஞ்சக்கொடித் தெரு மீனுன்னு ஒருத்தியும் தொடல நைனா. உன் கொடியால எம் பொயப்பு பேஜாராப் பூடுச்சி." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் குத்துகிறது. மீனை நானே வாங்கிக்கொண்டேன். எல்சி என்னைப் பார்த்த பார்வை — அதை எழுதவேண்டாம்.

ஐரீனுக்கு இன்னும் உடம்பு கொதிக்கிறது. கொடியை இறக்கினால் வெங்காயம் வரும். இறக்காவிட்டால் தெருவே பட்டினி. இன்னா பண்றது? யாரைக் கேக்குறது?

18-9-68, புதன்

கார்ப்பரேஷன் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். சைக்கிளை நிறுத்திக் கொடிகளைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது.

"ஹார்பர்ல வேலை செய்யற ஆளா நீங்க? இப்பல்லாம் கப்பல்ல மஞ்சள் கொடி ஏத்தினா, 'எங்களுக்கு நோய் இல்லை, கரைக்கு விடுங்க'ன்னு அர்த்தம்."

தெருவே நிற்கிறது. "என் காலத்துல வேற மாதிரி இருந்துச்சு சார்," என்றேன். வேறென்ன சொல்வது?

ஆனால் நல்ல மனுஷர். ஐரீனுக்கு மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் இறங்குமுகம் என்றார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவளிடமே சொன்னார்: "வாடகைக்கு இருக்கறவங்களைக் கோர்ட்டு உத்தரவு இல்லாம யாரும் காலி பண்ண வைக்க முடியாதும்மா. காய்ச்சல்னு சொல்லியும் முடியாது. வீட்டை விட்டுப் போகாதீங்க, அவ்வளவுதான்."

இவ்வளவு சின்னச் சட்டமா! எழுபத்தேழாம் செக்சன் இதைவிட கம்பீரமாக இருந்தது.

கொடியை இறக்கினோம். புடவை கிழியவில்லை. கடவுள் இருக்கிறார்.

19-9-68, வியாழன்

செய்தி யானைக்கவுனிக்குப் போய்விட்டது. விடிந்ததும் கைவண்டி. இன்றைக்குக் கைக்குட்டை இல்லை.

"கொடி எங்க மாமு?" என்று இளித்தார் மனோகரன். "பைலட்டு இன்னிக்கு லீவா?"

நான் — இந்தச் சிலுவைமுத்து — கொடி இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தேன்.

உள்ளே முக்காலி இழுக்கிற சத்தம். ஐரீன். கம்பளியோடு நடுங்கிக்கொண்டே வந்து வாசலை அடைத்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"கோர்ட்டுத் தாள் கொண்டாந்தீங்களா?"

"இன்னாம்மா நீ, நான் உன் நல்லதுக்கு..."

"தாள் இருந்தா குடுங்க. இல்லன்னா வண்டியத் திருப்புங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

பச்சையம்மா காலிக் கூடையைக் கவிழ்த்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கிருந்தோ கெங்கம்மா வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. அவளும் உட்கார்ந்தாள். "மொதலாளி, என் ரூமுக்குத் தாள் எங்க? அதயும் சேத்துக் கொண்டா," என்றாள். மனோகரன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அந்த நேரம் பார்த்து மழை வேறு. வெங்காயம் நனைகிறதே என்று கூவிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடினார்.

எனக்கும் உட்காரவேண்டும் போல இருந்தது. வாசலில் இடம் இல்லை.

6-10-68, ஞாயிறு

ஐரீன் எழுந்து நடமாடுகிறாள். கோவிலுக்கு வந்தாள். வக்கீல் ஒருவர் மூலம் மனோகரனுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, கெங்கம்மா பேரும் சேர்த்து. மனோகரன் இப்போது இந்தத் தெருப் பக்கமே வருவதில்லை. கிறிஸ்துமசுக்கு ஜார்ஜ் வந்துவிடுவானாம்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் கூடி நின்று கொடிக் கதை கேட்டார்கள். ஐரீன்தான் சொன்னாள். "எங்க மாமாவுக்குத்தான் அந்த யோசன வந்துச்சு. காக்காயெல்லாம் பறந்து போற மாதிரி கத்தினாரு," என்று. நான் சொல்லிக்கொண்டு திரிகிறபடியே, ஒரு வார்த்தை மாறாமல். சொல்லிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் சோற்றுக்கு முன்னால் பேனாவை எடுத்துவிட்டேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி நான் கத்தவில்லை. பச்சையம்மா அத்தனை சொன்ன பிறகும் "அவரு நல்லதுக்குத்தானே சொல்றாரு, வாம்மா போலாம்" என்றுதான் சொன்னேன். தண்டையார்பேட்டையில் என் வீட்டுக்கு அவள் சாமான் ஏற்றிப்போகக் கைவண்டிகூட நானே பேசிவைத்துவிட்டேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே கேட்டாள்: "மாமா, கப்பல்ல நோய்னா ஆள எறக்க மாட்டாங்கதான? என்னயும் எறக்காதீங்க."

கொடி அங்கிருந்து வந்தது.

மற்றதெல்லாம் நிஜம். காகம்கூட. ஒன்று பறந்தது, நான் வண்டியை வேண்டாமென்று சொல்ல எழுந்தபோது.