கெடுதல் வராது என்று யார் சொல்வது?

மதிப்பிற்குரிய என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் முழங்கால் வலியும் பிடிவாதமும் எந்த நிலையில் இருக்கின்றன? என் உடம்புக்கு ஒன்றுமில்லை, வாய்க்கும் குறைவில்லை.

நான் சட்ட ஆலோசகராக இருக்கும் இந்த மருத்துவமனையின் கணினிகளுக்குள் யாரோ புகுந்து, நோயாளிகளின் விவரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பதற வேண்டாம், என்னை யாரும் அள்ளவில்லை. கெடுதல் வரக்கூடுமென்றால் நோயாளிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வருமா, வராதா என்று முடிவெடுக்கக் கூடினோம்.

"யாருக்கும் ஒரு கெடுதலும் வராதும்மா. அப்படின்னு எழுதிக் கையெழுத்தப் போட்டு விடுங்க, ஊரைக் கூட்டாதீங்க" என்றார் நிர்வாகி.

"உங்க விவரமும் அதுல போயிருக்கு சார். நீங்களும் இங்கதானே வைத்தியம் பாத்துக்கறீங்க?" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "என்னோடதா? அதுல என்னென்ன இருந்துச்சு?"

"இதையேதான் அவங்களும் கேப்பாங்க. கேக்க விடுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் கையெழுத்து வேண்டியிருந்தது, நான் போடவில்லை. இன்று எல்லோருக்கும் தகவல் போகிறது. என் ஒப்பந்தத்தை இனிப் புதுப்பிக்க மாட்டார்கள். வேண்டாமே!

அலமாரியில் இருக்கும் என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். பேசி முடித்ததும் தொலைபேசியை உடனே வைத்துவிடாதீர்கள். நீங்கள் பார்க்கும் செய்தியின் இரைச்சலாவது கேட்கட்டும். இங்கே அறை அளவுக்கு மீறி அமைதியாக இருக்கிறது. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லாக என் பிறந்தநாளை வைத்திருக்கிறீர்களே, அதை மாற்றுங்கள். உங்களுக்கே அது நினைவிருப்பதில்லை என்பது போதிய பாதுகாப்பாகாது.

நிர்வாகி என்னைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். காத்திருக்கட்டும் என்றுதான் இதை முடித்தேன், இனிப் போகிறேன்.

உங்கள் மனைவி