துவரம்பருப்பும் முத்திரை இல்லாத எடைக்கல்லும்

அக்கா,

போன வாரம் என் மகன் ஒரு மின்சாரக் குக்கர் வாங்கி வந்தான். அரிசி, பருப்பு, இட்லி என்று படம் போட்ட பொத்தான்கள். பருப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு நாம் போய்ப் படுத்துக்கொள்ளலாமாம். வெந்ததும் அதுவே சின்னதாக ஒரு ராகம் பாடுகிறது. இன்று காலை அது பாடி முடித்ததும் மூடியைத் திறந்தேன். மஞ்சளும் துளி விளக்கெண்ணெயும் சேர்ந்து மலர்ந்த துவரம்பருப்பின் வாசனை முகத்தில் வந்து மோதியது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மருமகள் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, ஒரு அக்கா ஞாபகம் வந்துருச்சு" என்றேன். பருப்பைப் பார்த்தா அக்கா ஞாபகம் வருமா என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

நீங்கள் இருந்திருந்தால் அந்த நிமிடமே போன் போட்டிருப்பேன். "மூடி பாட்டுப் படிக்குதுக்கா" என்றால் உங்கள் சிரிப்பு போனையும் தாண்டிக் கேட்டிருக்கும். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் கொடைக்கானலுக்குக் குடித்தனம் வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் மறுபடி சொல்ல ஆசையாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் மலையில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். புகுந்த வீடு பழனி அடிவாரத்தில், பஞ்சாமிர்தக் கடையும் கோயிலுக்குப் பூக்கட்டும் உரிமையுமாக எந்நேரமும் கூட்டம் நிறைந்த வீடு. மலையில் வேலை பார்க்கிறவர்கள் மனைவியைக் கீழே பெற்றவர்களிடம் விட்டுவிட்டு, மேலே தனியாக மெஸ்ஸில் சாப்பிட்டுக் கிடப்பதுதான் அப்போது வழக்கம். குளிர் பெண்களுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். குளிர் என்னவோ ஆண் பெண் பார்த்து அடிப்பது மாதிரி! இவர் ஒற்றைக்காலில் நின்று என்னை அழைத்து வந்தார். பஜாருக்கு மேலே ஏற்றத்தில், உங்கள் வீட்டோடு ஒட்டுச் சுவராக ஒரு வீடு. கீழே பஜாரில் உங்கள் வீட்டுக்காரரின் மளிகைக் கடை. ஊருக்கெல்லாம் அவர் பாய், எனக்கு அண்ணன்.

எனக்கு அந்த மலை முதல் நாளே பிடித்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் மேகம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வரும். பேரிக்காய் மரத்தடியில் நின்றுகொண்டு நாம் பேசிய பேச்சுக்குக் கணக்கில்லை. எல்லாம் நன்றாக இருந்தது, பருப்பு ஒன்றைத் தவிர.

பழனியில் கண்ணை மூடிக்கொண்டு சாம்பார் வைக்கிறவள் நான். இங்கே வெள்ளனே உலை வைத்தால் மதியம்வரை தண்ணீர் கொதிகொதி என்று கொதிக்கும், பருப்பு மட்டும் கல்லாகக் கிடக்கும். ஊற வைத்துப் பார்த்தேன், ஆப்ப சோடா போட்டுப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். இவர் கரும்பலகை இல்லாத குறையாக விளக்கம் சொன்னார். மலைமேல் காற்றின் அழுத்தம் குறைவாம், அதனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுமாம், ஆனால் போதிய சூடு ஏறாதாம். விளக்கம் அச்சுப்பிசகாமல் சரி. அதைக் கேட்ட பிறகும் பருப்பு வேகவில்லை. நீங்கள்தான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "துவரம்பருப்போட எதுக்கு புள்ள மல்லுக்கட்டுற? பாசிப்பருப்பப் போடு, பீன்ஸப் போடு, சோலி முடிஞ்சுது" என்று குரல் கொடுத்தீர்கள்.

நமக்குச் சரி. அத்தைக்கு யார் சொல்வது? நான் வந்த வருஷத் தைப்பூசத்துக்கு முந்தி ஒரு தடவை இவருடைய அம்மா வந்துபோனார். அத்தைக்கு இருந்த பற்கள் சொற்பம். நான் போட்ட சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, பருப்பை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக வைத்தார். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஊருக்குப் போன பிறகு சொல்லி அனுப்பினார்: மறுபடி வருவேன், அப்போதும் இப்படித்தான் என்றால் அவளைக் கையோடு கீழே கூட்டி வந்துவிடுவேன், என் பிள்ளை மெஸ்ஸிலாவது வெந்ததைத் தின்னட்டும் என்று. இவர் எல்லாவற்றுக்கும் வாய் திறப்பார், அம்மா முன்னால் மட்டும் திறக்க மாட்டார். நான் கீழே போனால் வருஷத்துக்கு இரண்டு லீவில் புருஷன் முகம் பார்க்கிற கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன்.

வீசையும் பலமும் போய்க் கிலோவும் கிராமும் வந்துகொண்டிருந்த காலம் அது. பஜாரில் எல்லோரும் குழம்பிப்போய் இருந்தார்கள். அண்ணன் புது எடைக்கற்கள் வாங்க மதுரைக்குப் போனவர், அங்கே ஒரு வியாபாரி பேச்சில் மயங்கி, பிரஷர் குக்கர் ஒன்றையும் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே சாக்குப் பொதியில் வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தார். எனக்குத் தெரிந்து நம் தெருவில் அதுதான் முதல் குக்கர். நீங்கள் அதைத் தொடவே இல்லை. "வெடிச்சுச்சுன்னா கூரையத் தேட வத்தலக்குண்டுக்குப் போகணும்" என்று பரணில் போட்டுவிட்டீர்கள்.

அத்தை மறுபடி வந்த நாளில் அதே குக்கரை அட்டைப் பெட்டியோடு போர்வைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு, என் வீட்டுப் பின்கதவு வழியாக வந்தீர்கள். "இன்னும் ஒரு பொட்டு சோறு இதுல பொங்கல, புதுசு. ஒங்க அத்தை ஆச்சாரத்துக்கு ஒண்ணும் கொறவில்ல" என்று முதல் வேலையாகச் சொன்னீர்கள். அதை நான் கேட்கக்கூட இல்லை. எனக்காக நீங்களே அதையும் யோசித்து வைத்திருந்தீர்கள்.

அத்தை மலைப் பஸ்ஸில் தலை சுற்றி, கையில் எலுமிச்சம்பழமும் முகத்தில் கடுகடுப்புமாக வந்து, முன்னறையில் கணப்புச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்தார். நாம் இருவரும் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டோம். பருப்பைப் போட்டோம், மூடினோம், நான் சாமியைக் கும்பிட்டேன், நீங்கள் பிஸ்மி சொன்னீர்கள். கொஞ்ச நேரத்தில் மூடியின் நடுவிலிருந்த குழாய் வழியாக ஆவி பிய்த்துக்கொண்டு மேலே போனது. போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. அடுப்படி முழுக்க மேகம். இறக்கித் திறந்து பார்த்தால் தண்ணீர் பாதி காணோம், பருப்பு பழையபடி கல்.

"இதுக்குத்தானா ஒங்க அண்ணன் அம்புட்டுக் காசு குடுத்தாரு?" என்று அட்டைப் பெட்டியைத் தூக்கி வீசப் போனீர்கள். வீசுவதற்கு முன் பெட்டிமேல் இருந்த படத்தில் உங்கள் கண் பட்டது. படத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாயல் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் குக்கர் மூடியில், குழாய்க்கு மேலே, குட்டையாக ஒரு குண்டு உட்கார்ந்திருந்தது. நம் மூடியில் அது இல்லை. நீங்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டீர்கள்.

"யா அல்லா! அது கடையிலல்ல கெடக்கு!"

ஒரு வாரமாக அண்ணன் வீட்டுக்கு வந்து புலம்பிக்கொண்டிருந்தாராம். புது எடைக்கற்களில் ஒன்று மட்டும் விநோதமாக இருக்கிறது, அடியில் ஓட்டை, எத்தனை கிராம் என்று எழுதவில்லை, அரசாங்க முத்திரையும் இல்லை, எடை ஆபீசர் வந்தால் என்ன பதில் சொல்வது என்று தூக்கமில்லாமல் தவித்திருக்கிறார். பொதியைக் கடையில் பிரித்தபோது குக்கரின் குண்டு எடைக்கற்களோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

இவர் பள்ளிக்கூடத்தில். அனுப்ப ஆள் இல்லை. அத்தையை விட்டுவிட்டு நான் நகர முடியாது. உங்கள் வீட்டுப் பெண்கள் கடைப்பக்கம் போகிற வழக்கமும் இல்லை. சாமான்கள் வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்து அத்தனை காலத்தில் சொந்தக் கடையை நீங்கள் கண்ணால் பார்த்தது கிடையாது. நான் வேண்டாம் அக்கா, வேண்டாம் அக்கா என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு, தூறலில் இறக்கத்தில் வெரசா இறங்கிப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எத்தனையோ தடவை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறீர்கள். "பஜாருல எது நம்ம கடைன்னே தெரியல புள்ள. ஒங்க அண்ணன் வாய்ச் சத்தத்த வச்சுல்ல கண்டுபிடிச்சேன்!" அண்ணன் அப்போது பக்கத்துக் கடைக்காரரிடம் அந்தக் குண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, இது ஐம்பது கிராமா நூறு கிராமா என்று வாதாடிக்கொண்டிருந்தார். கடை வாசலில் மனைவியைப் பார்த்ததும் பதறிப்போய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். "பருப்புக்கு" என்று சொல்லி, அவர் கையிலிருந்த குண்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு திரும்பி நடந்தீர்கள். பஜாரே பார்த்ததாம். பார்க்கட்டும் என்று விட்டீர்களாம்.

மறுபடி தண்ணீர் ஊற்றிக் குண்டை வைத்தோம். அடுப்படியில் சத்தமே இல்லை. பிறகு உயிர் போகிற மாதிரி ஒரு விசில். நான் உங்களைக் கட்டிக்கொண்டேன். முன்னறையில் அத்தை துள்ளி எழுந்து, "ஏத்தா! கண்டக்டரு வீட்டுக்குள்ளயா வந்துட்டான்?" என்று கத்தினார். நாம் சேலையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தோம்.

அத்தைக்கு இலை போட்டேன். நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றீர்கள். அத்தை ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினார். வெண்ணெயாக நசுங்கியது. சாம்பாரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அப்புறம் தலை நிமிராமல், "இந்தக் கூப்பாடு போடுற சட்டி ஏது?" என்றார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மா கொண்டுவந்தது, மழையில் பஜாருக்கே போய்க் குண்டைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவங்கதான் என்று முழுதையும் சொல்லிவிட்டேன். அத்தையின் கை இலையில் அப்படியே நின்றது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"மழையில நனஞ்சுக்கிட்டா? அந்தப் புள்ள சாப்ட்டுச்சா?"

"இன்னும் இல்லத்த."

"அப்ப நீ என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? எம் பக்கத்துல இன்னொரு எலையப் போடு."

நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்த காட்சியை நான் இன்றைக்கும் அப்படியே பார்க்கிறேன். உங்களுக்குச் சோறு இறங்கவில்லை, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. அத்தை அடுத்த வாரம் தனியாகத்தான் பஸ் ஏறினார். ஏறும்போது இவரிடம், "அவ இங்கேயே இருக்கட்டும். எனக்கு அதுல ஒண்ணு வாங்கி அனுப்பு" என்றார். பழனி வீட்டில் குக்கர் முதல் விசில் அடித்த அன்று, அன்னதானத்துக்கு மணி அடித்துவிட்டது என்று பக்தர்கள் இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்களாம்.

இவர் ரிட்டையராகி நாங்கள் கீழே இறங்கும்வரை அதே ஒட்டுச் சுவர்தான் நமக்கு. நீங்கள் கடைசியாக இங்கே என் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான், இத்தனை வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன். ஒரு சாம்பாருக்காக எப்படி அக்கா அன்றைக்கு அவ்வளவு துணிந்து கிளம்பினீர்கள் என்று. நீங்கள் வழக்கம்போலக் கேலியாக ஏதோ சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

"நீ வர்றதுக்கு முந்தி அந்த வீடு வருசக்கணக்காப் பூட்டியே கெடந்துச்சு புள்ள. அவரு கடைக்குப் போயிட்டா எனக்குப் பேச ஆளில்ல. செவுத்தோடதான் பேசிக்கிட்டு இருந்தேன். நீயும் கீழ போயிட்டா நான் என்ன செய்வேன்?"

அதுவரை பிழைத்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. உங்கள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் முழுக்க விடவில்லை.

எங்கள் எதிர்வீட்டுக்கு ஒரியாக்காரப் பெண் ஒருத்தி குடிவந்திருக்கிறாள். புருஷன் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவள் பாஷை எனக்குத் தெரியாது. அவள் வீட்டில் எல்லாச் சாதனமும் இருக்கிறது, என்னால் ஆக வேண்டிய உதவி ஒன்றும் இல்லை. ஆனாலும் தினமும் பதினோரு மணி வாக்கில் போய் அவள் கதவைத் தட்டுகிறேன். கையைக் காலை ஆட்டி எதையாவது பேசிச் சிரித்துவிட்டு வருகிறேன். நேற்று முழங்கால் வலியில் நான் போகவில்லை.

பதினொன்றரைக்கு என் கதவு தட்டப்பட்டது.